எந்தப் பக்கத்திலிருந்து

அணை நீர்மட்டம் போடுகிற பக்கத்துக்கு
நேற்று என்று ஒன்று கிடையாது.
பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு,
காலையில் மூன்றுக்கும் புது எண் வரும்.
பழைய எண் நின்ற இடத்திலேயே செத்துப்போகும்.
அதனால்தான் ஆரம்பித்தேன்.
வேறு காரணமும் உண்டு, இருக்கட்டும்.

வண்ணார்பேட்டை டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுவது என் சோலி.
ஷட்டர் ஏறி, சாம்பிராணிப் புகை அடங்கி,
முதல் ஆள் விலை கேட்பதற்குள்
அந்தப் பக்கத்தை அப்படியே சேமித்துவிடுவேன்.
ஆண்டு, மாதம், தேதி.
என் கிடங்கு எங்கோ ஒரு குளிர்ந்த ஊரில் இருக்கிறது,
மாதம் எழுபத்தொன்பது ரூபாய் வாடகை.
என் பீரோவுக்கு வாய்க்காத ஒழுங்கு அதற்கு வாய்த்திருக்கிறது.

ஒன்றோடு கை நிற்குமா?
தைராய்டு பற்றி நான்கு பக்கம்,
நான்கும் ஒன்றையொன்று மறுப்பவை.
சொதிக்கு மூன்று, மூன்றிலும்
முருங்கைக்காய்க்கு வேறு வேறு கணக்கு.
அம்பை கோர்ட்டில் எங்கள் பாகப்பிரிவினை
தள்ளிப்போன பதினேழு பக்கம்,
தேதியைத் தவிர எழுத்து மாறாத பதினேழு.
எல்லாவற்றையும் ஒரே லேபிளில் கட்டினேன்: வாய்தா.
மூடிப்போன விடுதி ஒன்றின் முகப்பும் இருக்கிறது.
படம் வரவில்லை,
படம் இருந்த இடத்தில் சின்னச் சதுரம்.
அதில் யார் நின்றாரென்று எனக்குத் தெரியும்.

"இதெல்லாம் எப்பம்ளா படிப்ப?"
பில் போடுகிற ரஹ்மத் நிஷா கேட்டாள்.
"சேத்து வைக்கவ படிக்கணும்னு சட்டமா?"

பிறகு அந்த மார்கழி.
கரண்ட் போய், டவர் போய்,
ஆறு கடைக்குள் வந்து
டைல்ஸ் பெட்டிகளை அடுக்குக் கலைத்துப் பார்த்தது.
நான் வீட்டு மாடியில், கையில் நான்கு சதவீதம் போன்.
குறுக்குத்துறைக் கோயில் முங்கிட்டு என்றார்கள்,
அது எப்போதும் முங்கும்.
அதற்கு மேல் எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை.

தண்ணீர் வடிந்து திறந்தபோது
சனி இருந்தது, புதன் இருந்தது.
நடுவில் மூன்று கோப்புறை, பெயர் மட்டும்.
மாதம் முழுக்கவும் முன்கூட்டியே பெயரிட்டு வைப்பது என் பழக்கம்.
ஐந்து வருடம் ஒரு நாள் விடாமல் பிடித்தேன்.
பிடித்ததெல்லாம்
ஆறு தன்பாட்டுக்குப் போன நாட்கள்.

தை பிறந்து பலவேசம் வந்தார்,
சேரன்மகாதேவிப் பக்கம் வாழை போட்டவர்.
எல்லா நாளும் இந்தப் பிள்ளையிடம் இருக்கு என்று
யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.
எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு, எவ்வளவு
என்று காப்பீட்டில் கேட்கிறார்களாம்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
மூன்றையும் அவரே தட்டித் திறந்தார்.
காலி.
காலி.
மூன்றாவதைக் கொஞ்சம் மெதுவாக.
"பேரு போட்டு வச்சிருக்கியளே" என்றார்.
குறையாகச் சொன்னாரா, இன்றுவரை பிடிபடவில்லை.

அப்புறம் தன் போனில் ஒரு படம்.
பம்ப்செட் ரூம் சுவர்,
மீட்டர் பெட்டிக்கு ஒரு சாண் மேலே வண்டல் கோடு,
ரசமட்டம் வைத்து இழுத்தது போல நேராக.
அதை ஒட்டிக் கரித்துண்டால் நேரம்: 2.40.
எழுதும்போது எங்கே நின்றீர்கள்
என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.
"இத எடுத்துக்கிட மாட்டேன்னுட்டான்.
நீங்க வேணா போட்டு வைங்க."

ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டேன்.
எந்தப் பக்கத்திலிருந்து என்று ஒரு கட்டம் உண்டு,
நிரப்பாமல் மேலே போக விடாது.
சுவர் என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.
அடுத்து லேபிள் கேட்டது.
அதற்குள் அரைக் கிலோ வெள்ளைச் சிமென்ட் கேட்டு
ஆள் வந்துவிட்டது.